சொர்ணம்மாவின் தையல்

கணவன் காத்தமுத்து முதன்முதலில் சொர்ணம்மாவின் அடிவயிற்றில் உதைத்தது 1996இல். மகள் ஷீலாவுக்கு அப்போது மூன்று மாதம். அவள் கூண்டைச் சாத்த மறந்ததால் இரண்டு கோழிகளை உடும்பு தூக்கிப்போனதற்காக ரப்பர் பூட்ஸ் காலால் உதைத்தான். சிறுநீர்ப்பை கிழிந்தது.

சென்னையில் இரண்டு முறை தைத்தும் ஆறவில்லை. சிறுநீரகக் குழாய்களைப் பெருங்குடலில் சேர்த்துத் தைத்தார்கள். அதன்பிறகு சிறுநீரும் மலம் போகும் வழியில்தான் போனது. வருடம் தவறாமல் குடலைச் சோதிக்கச் சொல்லி ஒரு சீட்டு கொடுத்தார்கள். அந்தமானில் உள்ள ரங்கத் ஊருக்குத் திரும்பிய அன்றே காத்தமுத்து அதை அடுப்பில் போட்டான்.

"நீ மெயின்லேண்டு போனா இங்க யாரு ஆக்கிப் போடுறது?"

இருபத்தாறு வருடம் பாக்குத் தோட்டத்தில் வேலை செய்தாள், அடியும் வாங்கினாள். பிறகு மலத்தில் ரத்தம் வந்தது. போர்ட் பிளேர் பக்கம் கராச்சர்மாவில் குடியிருந்த ஷீலா அவளை டாக்டர் நளினியிடம் அழைத்துப்போனாள்.

"குழாயைத் தைச்ச இடத்துலயே புற்றுக்கட்டி," என்றார் டாக்டர். "அபூர்வம்தான். ஆனா இந்த ஆபரேஷனுக்கு இருபது வருஷம் கழிச்சுக்கூட வரும். அதுக்குத்தான் வருஷா வருஷம் பாக்கச் சொல்றது. இன்னும் பரவல. சீக்கிரம் சென்னைக்குப் போங்க."

துணிமணி எடுக்க ரங்கத் வந்தவளைக் காத்தமுத்து வாசலில் மறித்தான். கப்பல் டிக்கெட்டுக்கு வேண்டிய அவளுடைய அடையாள அட்டை அவன் சட்டைப்பையில் இருந்தது.

"வெளிய கால் வச்சே, இன்னொரு தடவ வயித்த ஒடைப்பேன்."

"இனி ஏலாது. அட்டையக் குடு."

அவன் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். நெற்றி பிளந்தது. உதைக்கக் காலைத் தூக்கியபோது, தேங்காய் உரிக்கும் பாரை அவள் கைக்குக் கிடைத்தது. முழங்காலில் ஓங்கி அடித்தாள். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. விழுந்தவன் அவள் சேலையைப் பற்றினான். அந்தக் கையிலும் அடித்தாள்.

அலறல் கேட்டு ஓடிவந்தார் பக்கத்து வீட்டு பிஸ்வாஸ். "அரே, க்யா கியா தீதி?" என்ன செய்தாய் அக்கா என்று இந்தியில் பதறினார்.

"காலும் கையும்தான். உயிரு இருக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க."

அட்டையை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு நடந்தாள். நெற்றி ரத்தத்தைத் துடைக்கவில்லை. "நான்தான் அடிச்சேன். எழுதிக்கோங்க. அவரு அடிச்சதையும் எழுதுங்க." எழுதினார்கள், ஷீலா ஜாமீன் எடுத்தாள். மறு வாரமே இருவரும் கப்பலேறினார்கள்.

சென்னையில் கட்டியோடு குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். இப்போது சிறுநீர் வயிற்றில் ஒட்டிய பையில் சேர்கிறது. வருடத்துக்கொரு முறை சோதனைக்குப் போகிறாள். கராச்சர்மாவில் மகளோடு இருக்கிறாள். அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. விசாரணை நாட்களில் காத்தமுத்து கோலூன்றி வருகிறான். அவள் அதே பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருப்பாள்.