இடப்பக்கம் இன்னும் கொஞ்சம்

ஆர்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். முந்நூறு பிள்ளைகளுக்கு வெந்த உருளைக்கிழங்குக் கொப்பரையை ஒருத்தியாகவே இறக்கி வைப்பாள். கையில் வெந்நீர் பட்டால் உதட்டைக் கடித்துக்கொள்வதோடு சரி. அப்படிப்பட்டவள், கூரைமேல் யாராவது ஏறினால் மட்டும் வெலவெலத்துப் போவாள். குளிர்காலத்தில் பனி தள்ள ஏறினாலும் அப்படித்தான். அவளுடைய அண்ணன் எல்டன் மின்சாரம் தாக்கிச் செத்தான் என்பது கணவன் டெல்மருக்குத் தெரியும். அதற்கு மேல் அவன் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

1974 ஜூலையில் இருவரும் மினசோட்டாவின் வடக்கே ஏரி வீட்டுக்கு வந்திருந்தார்கள். டெல்மரின் அப்பா கட்டியது. டிவியைப் போட்டால் இரைச்சலும் வெள்ளைப் புள்ளிகளும்தான். துலூத் நகர நிலையத்திலிருந்து வரும் படத்தை, வீட்டைச் சுற்றியிருந்த மரங்கள் மறித்தன. டெல்மர் மூன்று இரும்புக் குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி, உச்சியில் ஆன்டெனாவைக் கட்டினான். பக்கத்து ஏரி வீட்டு ஆரின் ஒத்தாசைக்கு வந்தான்.

"நீ டிவி முன்னாடி நில்லு. படம் தெளிஞ்சா கத்து. மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றான் டெல்மர்.

"ஆரின் நிக்கட்டுமே."

"ஆரினுக்குக் கண்ணாடி போட்டாலே பாதிதான் தெரியும்."

"பீர் டப்பா தெரியுதுல்ல, அது போதும்" என்று கூரையிலிருந்து ஆரின் சிரித்தான்.

வீட்டின் பின்னால், கூரைக்கு இடப்பக்கமாக, வெற்று மின்கம்பி ஒன்று போயிற்று. ஆர்லிஸ் வந்த நாள்முதல் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். இப்போது டிவி முன்னால் நின்றவளுக்குச் சுவர் அதை மறைத்துவிட்டது. தலைக்கு மேலே பூட்ஸ் கால்கள் நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

"எப்படி இருக்கு?" என்று டெல்மர் மேலிருந்து கத்தினான்.

புள்ளிகளுக்கு நடுவே ஒரு மனிதனின் தோள் வந்தது, பாதி முகம் வந்தது. இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பினால் முழுசாக வந்துவிடும்.

"ஆர்லிஸ், காது கேக்கலையா?"

"போதும், இறங்கு."

"தெரியுதா, தெரியலையா? ஆரின், இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ச்சுப் பாப்போம்."

அவள் வெளியே ஓடினாள். நாற்காலிமேல் ஏறவே யோசிப்பவள் ஏணியில் ஏறி டெல்மரின் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"குழாயை இறக்கு. பின்னாடி திரும்பிப் பாரு."

இருவரும் பார்த்தார்கள். குழாயின் உச்சி மின்கம்பிக்கு ஒரு கை தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. ஆரின் மூச்சை அடக்கிக்கொண்டு, குழாயை அங்குலம் அங்குலமாகத் தன் பக்கம் இழுத்தான். குழாய் ஒருவழியாகக் கூரையில் படுத்தது. ஆரினின் கண்ணாடி நழுவிக் கீழே விழுந்தது. அவன் அதை எடுக்கக்கூட இல்லை.

பிறகு படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்து ஆர்லிஸ் சொன்னாள். அண்ணன் செத்த அன்று அவளுக்குப் பதினாறு வயது. எல்டன் பண்ணை வீட்டுக் கூரையில் இருந்தான், அவள் டிவி முன்னால் நின்றாள்.

"இடப்பக்கம் இன்னும் கொஞ்சம்னு நான்தான் கத்தினேன், டெல்மர். படம் பளிச்சுன்னு வந்துது. நான் கைதட்டினேன். அப்புறம் மொத்தமா அணைஞ்சு போச்சு."

"கம்பி அங்க இருந்தது உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எங்கேர்ந்து தெரியும்? ஜன்னல் வழியா ஏணிதான் தெரிஞ்சுது."

டெல்மர் கூரையில் கிடந்த குழாயைத் திரும்பிப் பார்த்தான். "ஒரு கை தூரம்" என்றான், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

டிவிக்கு வேறு வழி சொன்னவன் ஆரின்தான். ஏரியின் மறுகரை திறந்த வெளி, துறையின் நுனியில் வைத்தால் ஆளுயரக் குழாயே போதும் என்றான். மறுநாள் அப்படியே கட்டி, ஆன்டெனாவின் தட்டைக் கம்பியைப் பலகையோரமாக வீட்டுக்குள் இழுத்தார்கள். எட்டுகிற தூரத்தில் மின்கம்பியே இல்லை. ஆனாலும் டெல்மர் குழாயைத் தொட்டபோது ஆர்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். டிவியில் வானிலை சொல்பவர் கழுத்துவரை வெள்ளைப் புள்ளிகளோடு வந்தார். அதுவே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

இலையுதிர் காலத்தில் அவள் பண்ணைக்குப் போனாள். அம்மா ஆல்ஃபில்டா ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷமாகத் தொண்டையில் நின்றதை ஆர்லிஸ் நின்றபடியே கொட்டினாள். அம்மா கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும்டி. நான் அடுத்த அறையிலதானே இருந்தேன்."

"ஏம்மா ஒரு வார்த்தை சொல்லலை?"

"உனக்கு மறந்திருக்கும்னு நெனச்சேன். நான் எதையாவது சொல்லப்போய் உனக்கு ஞாபகம் வந்துட்டா என்ன செய்யறதுன்னு பயம்."

ஆர்லிஸ் அவள் எதிரே உட்கார்ந்தாள். அம்மா இன்னொரு கத்தியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள்.