காட்டுக் குதிரைக்கு நேர்ந்துகொண்ட கிடா

கரியாலூர் பக்கத்துக் காட்டில் ஐயனார் குதிரையேறி என்னைப் பார்க்க வருகிறார் என்று நம்பினேன். விடிந்துவிட்டிருந்தது. குடித்திருக்கவும் இல்லை. ஊரில் யாருக்காவது சாமி வந்தால் முதலில் சிரிக்கிற ஆளும் நான்தான்.

என் மகள் கள்ளக்குறிச்சியில் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். காட்டுச்சேவல் கூவுவதைப் பதிவு செய்து திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மதிப்பெண் போச்சு. அன்று ஞாயிறு. துணைக்கு நான். முதல் நாள் சாயங்காலமே மலையேறி, தெரிந்தவர் வீட்டில் தங்கி, விடியும்போது காட்டுக்குள் போனோம்.

நடக்கும்போது சும்மா வராமல் ஒரு கதை சொன்னாள். ஸ்காட்லாந்துக் காட்டில் கேப்பர்கேலி என்று ஒரு பெரிய கோழி இனம் இருக்கிறதாம். அங்கே பழைய கேலிக் மொழியில் அந்தப் பேருக்குக் காட்டுக் குதிரை என்று அர்த்தமாம். கோழிக்கு எதற்குக் குதிரை என்றேன். உடம்பு பெரிசு என்பதால் என்கிறார்கள் சிலர்; சேவல் பெட்டையைக் கூப்பிடுகிற சத்தம் குளம்படி போல இருப்பதால் என்கிறார்கள் சிலர்; உறுதியாகத் தெரியாது என்றாள். நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டி வைத்தேன்.

ஒரு பாறைமேல் போனை வைத்துப் பதிவை ஓடவிட்டாள். மூச்சுகூட விடக்கூடாது என்று எனக்குச் சைகை காட்டினாள். விடவில்லை. கொஞ்ச நேரத்தில் புதருக்குள் டப், டப், டப். குளம்படியேதான். காலில் செருப்பு இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. உதறிப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஐயனாரப்பா, செருப்பு போட்டுக்கினு வந்துட்டேன். இந்த ஒரு தடவ வுட்டுடு. கெடா வெட்டறேன்."

படபடவென்று ஏதோ பறந்தது. கண்ணைத் திறந்தால் மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"இன்னாப்பா பண்ற நீ? சேவலு றெக்கய அடிச்சிட்டுதான் கூவும். கூவறதுக்குள்ள தொரத்திட்டியே."

கிடா பாக்கியைப் பற்றி அவள் அம்மாவிடம் பேசிக்கொள்ளச் சொன்னாள். பிறகு பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் போய் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். வெயில் ஏறும்வரை அவள் தனியாகக் காத்திருந்துவிட்டு வந்தாள். சேவல் திரும்ப வரவில்லை. என் குரலை வெட்டிவிட்டு, சிறகடித்த சத்தத்தை மட்டும் திங்கட்கிழமை கொடுத்தாள். பாதி மதிப்பெண் போட்டார்கள்.