ஆறு வாளி, பன்னிரண்டு எண்

தங்கை புருஷனுக்கு வாளிக்காரர் தர வேண்டியிருந்தது ஆயிரத்து எண்ணூறு. ஒன்பது வருடத்துக் கடன். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, சாட்சியும் கிடையாது. சுரங்கத்தில் வேலை வேண்டுமென்றால் முதலில் கையில் வை, பிறகு பேசலாம் என்று ஆள் கணக்கெடுக்கிற டைம்கீப்பர் சொன்னபோது, கீழ் லெவலில் கூரை விழாமல் முட்டுக்கட்டை நிறுத்துகிற வேலையில் இருந்த மாப்பிள்ளைதான் தலையணை உறைக்குள்ளிருந்து அதை எடுத்துக் கொடுத்தார்.

அந்தப் பணத்துக்குக் கிடைத்த வேலை என்னவென்று மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சுரங்கத்தைப் பற்றிப் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். எத்தனை அடி ஆழம், எத்தனை டன் தாது என்று கணக்குக் கொடுப்பார்கள். எட்டு மணி நேரம் பூமிக்கு அடியில் கிடக்கிற முந்நூறு பேர் வயிறு கலக்கினால் எங்கே போவார்கள் என்று எவனாவது ஒரு வரி எழுதியிருக்கிறானா? வாளிக்குத்தான் போவார்கள். பாறையில் குடைந்த ஒரு மூலை, ஒரு சாக்குத் திரை, ஒரு வாளி, அதற்கு மரமூடி, பக்கத்தில் சுண்ணாம்புத் தூள். நிரம்பியதைத் தள்ளுவண்டியில் ஏற்றி, கூண்டில் மேலே கொண்டுவந்து, கொட்டிக் கழுவி, மறுபடியும் இறக்க வேண்டும். அதுதான் வேலை. முதல் நாள் மாலை வீட்டுக்கு வந்து நாலு தடவை குளித்தார். மறுநாள் இரண்டு தடவை. ஒரு வாரம் கழித்து மற்றவர்களைப் போல ஒரே தடவை.

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காத மனிதர். அப்படிப்பட்டவருக்குக் கீழே ஒன்பதே வருடத்தில் நாலு ஆள். யார் தயவிலும் இல்லை, சொந்த மூளையில் வந்தது. எண்கள் தெரியும். எழுத்தென்றால் தன் பெயர் மட்டும். அதையும் சிமெண்ட் மூட்டைக் காகிதத்தில் மூன்று மாதம் எழுதிப் பழகினார். கடைசி எழுத்தைச் சுழித்து அதற்கு அடியில் ஒரு கோடு இழுப்பார் பாருங்கள், மேனேஜர்கூட அப்படி இழுக்க மாட்டார். ஆபீசில் ஒரு பதிவேடு உண்டு. இன்ன தேதி, பன்னிரண்டு வாளியும் அதனதன் இடத்தில், சுத்தமாக, மூடியோடு இருந்தன என்று தினமும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். தினம் தினம் ஆபீஸ் படி ஏற யாருக்கு நேரம்? மாதத்தின் முதல் தேதியிலேயே முப்பது வரிக்கும் ஒரே மூச்சில் போட்டுவிட்டு வந்துவிடுவார். குமாஸ்தா சந்தோஷமாக நீட்டுவார். இவரும் சந்தோஷமாகப் போடுவார்.

பன்னிரண்டு என்பது சட்டக் கணக்கு. இருபத்தைந்து பேருக்கு ஒரு வாளி. மேல் லெவலில் நூற்றைம்பது பேர், கீழ் லெவலில் நூற்றைம்பது பேர். ஆக லெவலுக்கு ஆறு. ஆனால் ஆறு வாளி ஓட்டையாகிப் போனபோது ஸ்டோர்காரர் "அடுத்த மாசம் வந்துடும்" என்றார். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. இருந்த ஆறும் மேல் லெவலில் நின்றன, ஏனென்றால் ஆபீஸ் ஆட்கள் அதுவரைக்கும்தான் இறங்குவார்கள். கீழ் லெவல்காரர்கள் பழைய குடைவுக்குப் போனார்கள். தாது தீர்ந்து கைவிட்ட குடைவு. வாயில் குறுக்கே ஒரு கட்டை, "உள்ளே போகாதே" என்று ஒரு பலகை. கட்டைக்கு அடியில் குனிந்து போய்ப் போய்த் தரையே வழவழவென்றாகியிருந்தது. முழங்கால் ஆழத்துக்கு நாற்றம். செருப்பு இல்லாமல் மிதித்தவர்களுக்குக் கொக்கிப்புழு ஏறி, முகம் வெளுத்து, ஏணியில் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும்.

வருடத்துக்கு இரண்டு முறை இன்ஸ்பெக்டர் வருவார். ஆறு வாளி ஓட்டையான பிறகு அவர் வந்த முதல் முறை, மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, இவர்தான் போய்ச் சொன்னார்.

"ஐயா, ஆறு போதும். மூடிக்கு ரெண்டு பக்கம் இருக்குல்ல? ஒரு பக்கம் ஒன்னுலேர்ந்து ஆறு, மறுபக்கம் ஏழுலேர்ந்து பன்னெண்டு. கீழ ஏழு எட்டுன்னு காட்டுவோம். அவரு பம்ப் ரூம்ல உக்காந்து டீ குடிச்சிட்டு மேல வர்றதுக்குள்ள பின்பக்கச் சரிவு வழியா வண்டில ஏத்திடுவேன். மூடியத் திருப்பிப் போட்டா ஒன்னு ரெண்டு ஆயிடும்."

மேனேஜர் அவரை நிமிர்ந்து பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த மூன்று வருடத்தில் அன்றைக்குத்தான் அவர் முகத்தை முழுதாகப் பார்த்தார். அடுத்த மாதம் சம்பளம் ஏறியது, மேஸ்திரி பட்டம் வந்தது. ஊரெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

"படிச்சவன் எண்ணுறான், படிக்காதவன் எண்ண வைக்கிறான். எப்படி?"

"பெரிய ஆளுதான் மச்சான் நீங்க" என்பார் மாப்பிள்ளை. "ஆறைப் பன்னெண்டாக்குற ஆளு, என் ஆயிரத்து எண்ணூற மூவாயிரத்து அறுநூறா ஆக்கிக் குடுங்களேன்."

"தரேன் மாப்ளே. உங்க பணம் எங்க ஓடிப் போகுது?"

பணம் எங்கும் ஓடவில்லை. இவரிடமிருந்து நகரவும் இல்லை. முதலில் சைக்கிள் வந்தது, பிறகு கூரைக்குத் தகடு வந்தது, பிறகு மேஸ்திரிக்கு ஏற்ற கைக்கடிகாரம் வந்தது.

இன்ஸ்பெக்டர் கடைசியாக வந்த பார்வை நாளிலும் எல்லாம் வழக்கம் போலத்தான் நடந்தது. பார்வை நாளில் வாளியை யாரும் தொடக் கூடாது என்பது கட்டளை. கழுவி, காயவைத்து, சுண்ணாம்பு தூவி, பூசைப் பாத்திரம் போல வைத்திருக்கும். இன்ஸ்பெக்டர் கீழ் லெவலில் ஒவ்வொரு மூடியாக விரலால் தொட்டு எண்ணினார். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. தலையாட்டிவிட்டு டீக்குப் போனார். இவர் ஆட்களை விரட்டி வாளிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்தபடி வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"மச்சான், ஒன்ன விட்டுட்டுப் போங்க. ரெண்டு நாளா வயிறு சரியில்ல."

"என்ன விளையாடுறீங்களா மாப்ளே? மேல ஆறு எண்ணணும். ஒன்னு குறைஞ்சா என் மானம் போயிடும்."

"உங்க மானம் கிடக்கட்டும். எனக்கு இங்க..."

"அரை மணி நேரம் அடக்கிக்குங்க. அவரு கூண்டு ஏறினதும் நானே கொண்டாந்து உங்க முன்னாடி வைக்கிறேன். புது மாப்பிள்ளை கணக்கா உக்காருங்க."

ஆட்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். வண்டி நகர்ந்தது.

மேல் லெவலில் இன்ஸ்பெக்டர் ஆறையும் எண்ணிக்கொண்டிருந்தார். நாலாவது மூடியைத் தொட்டபோது காலுக்கடியில் தரை ஒருமுறை உதறியது. இன்ஸ்பெக்டர் "வெடி வெச்சாங்களா?" என்று கேட்டார். மேனேஜர் "ஆமாங்க" என்றார். அந்த நேரத்தில் வெடி கிடையாது என்று வாளிக்காரருக்குத் தெரியும். ஆனாலும் ஆறாவது மூடியை எண்ணி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றார். ஆறு வருடமாக எண்ணிக்கையில் ஒரு வாளிகூடக் குறையவிடாத மனிதர்.

பழைய குடைவின் கூரை விழுந்திருந்தது. மாப்பிள்ளை முட்டுக்கட்டைக்காரர், கூரையைத் தட்டிப் பார்த்துக் காதாலேயே அதன் நிலைமையைச் சொல்லிவிடுகிறவர். மற்றவர்களை அதற்குள் போகாதே என்று திட்டுகிறவரும் அவர்தான். அன்றைக்குத் தட்டிப் பார்க்க வயிறு விடவில்லை. தோண்டி எடுக்க மாலை ஆகிவிட்டது.

தங்கைக்கு இரண்டு பெண் குழந்தைகள். இருந்தது கம்பெனி வரிசை வீடு. ஆள் போனால் மாதக் கடைசிக்குள் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். விபத்து நஷ்ட ஈடு இருபத்திரண்டாயிரம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அது கிடைப்பது ஒரே ஒரு கேள்வியில் நின்றது. கீழ் லெவலில் அன்றைக்கு வாளி இருந்ததா, இல்லையா? இல்லையென்றால் கம்பெனி குற்றம், பணம் உண்டு. இருந்தது என்றால், வாளி இருக்கும்போதே பலகையை மீறிப் போனவன் தன் தப்பால் செத்தான், பணம் இல்லை.

"அண்ணே, நீ எனக்காகப் பொய் சொல்ல வேணாம். உள்ளத சொல்லு, அது போதும்" என்றாள் தங்கை.

"நான் வாயத் தொறந்தா மேனேஜர் நாற்காலி ஆடும் பாரு. வேலை போனா போகட்டும். இந்தக் கைக்கு வேற வேலையா கிடைக்காது?"

அதை மனதாரத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வாளியை மாப்பிள்ளை கேட்டதையும், தான் கொடுக்காததையும் அவளிடம் சொல்லவில்லை. விசாரணையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. நடத்தியவர் அதே இன்ஸ்பெக்டர். தங்கை சுவரோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வாளிக்காரர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து, ஆறு வாளி கதையை ஆதியிலிருந்து சொன்னார். மூடி திருப்புவதைக் கையால் செய்து காட்டினார். மாப்பிள்ளை கேட்டதையும் சொன்னார். தங்கை ஸ்டூலிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

"அப்ப நான் எண்ணினது?"

"அதே ஆறுதாங்க. ரெண்டு தடவை எண்ணினீங்க."

"ஆறு வருஷமா?"

"ஆமாங்க" என்றார். சொல்லும்போது உதட்டோரத்தில் பழைய பெருமை ஒரு கணம் தலைகாட்டிவிட்டது. அதை இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார். முகம் இறுகியது.

குமாஸ்தா பதிவேட்டைக் கொண்டுவந்து அந்தத் தேதியைத் திறந்து வைத்தார்.

"இது யார் கையெழுத்து?"

கோணல் மாணலாக இருந்தால் என்னுடையது இல்லை என்று சொல்லியிருக்கலாம். கடைசிச் சுழியும் அடிக்கோடும் அச்சு மாதிரி இருந்தன.

"என்னோடதுதான். வேற யாரு இப்படிப் போடுவா?"

சொன்ன பிறகுதான் அது எந்தத் தேதி என்று பார்த்தார். குமாஸ்தா வாசித்தார். பன்னிரண்டு வாளியும் அதனதன் இடத்தில், சுத்தமாக, மூடியோடு. அடுத்த நாள், அதற்கடுத்த நாள், மாதக் கடைசி வரைக்கும் வாசித்தார். அந்த மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

"பாருங்க, முன்னாடியே போட்டிருக்கேன்! அப்ப அது எப்படி நிசமாகும்?" என்று கத்தினார்.

"அப்ப நீ பொய்க் கையெழுத்துப் போடுறவன்னு நீயே ஒத்துக்குற" என்றார் மேனேஜர் நிதானமாக. "அப்படிப்பட்டவன் இன்னைக்குச் சொல்றத மட்டும் நாங்க நம்பணுமா?"

வண்டி தள்ளிய ஆட்கள் யாரும் வேலைக்குப் பயந்து சாட்சிக்கு வரவில்லை. மூடிகளைக் கொண்டுவரச் சொன்னார் வாளிக்காரர். இரண்டு பக்கமும் எண் இருக்கும், கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கொண்டுவந்தார்கள். பன்னிரண்டு மூடி. எல்லாம் புது மரம், ஒரே பக்கம் எண். விபத்து நடந்த மறுநாளே ஸ்டோர்காரருக்கு அந்த அடுத்த மாதம் வந்துவிட்டிருந்தது. வண்டியிலிருந்து புது வாளிகளை இறக்கிவைத்ததே இவர்தான். பழைய மூடிகளை வெந்நீர் அடுப்புக்குப் போட்டுவிடு என்று சொன்னபோது, வழக்கம் போல, "சரிங்க ஐயா" என்று போட்டதும் இவர்தான். மாப்பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்று கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. மூளை அதோடு சேரவில்லை.

"நான் ஏழிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் என் கையால் தொட்டு எண்ணினேன்" என்று இன்ஸ்பெக்டர் எழுதினார். ஒரு வாளிக்காரன் தன்னை ஆறு வருடம் ஏமாற்றினான் என்று எந்த அதிகாரியும் தன் கையால் எழுத மாட்டான். இறந்தவர் தன் தப்பால் இறந்தார் என்று முடிந்தது.

வாளிக்காரரின் சீட்டும் அன்றே கிழிந்தது. பாக்கிச் சம்பளம், பிடித்தம் போக, ஆயிரத்து எழுநூற்று நாற்பது. ஜன்னல் வழியாக விட்டெறிந்தார்கள். கடைத்தெருவில் கைக்கடிகாரத்தைக் கழற்றி, கடைக்காரர் சொன்ன விலைக்கு மறுபேச்சு பேசாமல் கொடுத்துவிட்டு, வரிசை வீட்டுக்கு நடந்தார்.

வாசலில் மூட்டை கட்டியிருந்தது. பாய், இரண்டு பானை, மாப்பிள்ளையின் தகடு வைத்த தொப்பி. குழந்தைகள் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பெருக்கிக் கொடுக்காவிட்டால் அதற்கும் பிடித்துக்கொள்வார்கள்.

"பாப்பா, கைய நீட்டு."

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நீட்டினாள்.

"மாப்ளகிட்ட வாங்கினது. ஆயிரத்து எண்ணூறு."

நூறு நூறாக அவள் உள்ளங்கையில் வைத்துச் சத்தமாக எண்ணினார். ஒன்பதில் ஒருமுறை விட்டுப்போய், எடுத்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பதினேழு வைத்தார். பதினெட்டு வைத்தார்.

"சரியா இருக்கான்னு நீயும் ஒரு தடவை எண்ணிக்க."

"நீ எண்ணினா சரியாத்தான் இருக்கும்ண்ணே" என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்க்காமல். கையை மூடவில்லை. விரித்தபடியே வைத்திருந்தாள்.