பிரேக்குக்குக் கேட்ட பூ

தெய்வத்தின் திருவுள்ளம் என் வலக்கை வழியாகவே வெளிப்படுகிறது என்று ஏறத்தாழ ஓராண்டுக் காலம் நான் நம்பியிருந்தேன். அப்போது எனக்கு ஏழு வயது. அந்த நம்பிக்கையை எனக்குத் தந்தது புராணமோ பதிகமோ அன்று; அப்பா வாங்கிய ஒரு மோட்டார் பஸ்.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் இடையில் இருந்தது. யுத்தம் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், நிலக்கடலை நன்றாக விளைந்த ஒரு வருஷத்தில், வேளாண்மையோடு இன்னொரு தொழிலும் இருக்கட்டும் என்று அப்பா அதை வாங்கினார். காலையில் சங்ககிரி வழியாகச் சேலம் போகும். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடும். அதை ஓட்டியவர் சேலம் டவுனைச் சேர்ந்த கிறிஸ்தவர். வண்டியைக் கிளப்புமுன் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை இட்டுக்கொள்வார். பிறகு எங்கள் அம்மன் கோயில் இருக்கும் திசைக்கும் ஒரு கும்பிடு போடுவார். யாரையும் பகைத்துக்கொள்ளாத மனிதர்.

பஸ்ஸை விற்றவர்கள் அதனோடு ஓர் அட்டையும் கொடுத்திருந்தார்கள். இத்தனை மைல் ஓடினால் இன்னின்ன வேலை செய்ய வேண்டும் என்று அதில் வரிசையாக அச்சிட்டிருந்தது. அப்பா முதலில் அதைத் திருவிழா அழைப்பிதழைப்போல் மரியாதையாகத்தான் படித்தார். சேலத்துப் பட்டறையில் ஒரு முறை அத்தனையும் செய்துகொண்டு வந்த பிறகு அந்த மரியாதை குறைந்தது. அடுத்த முறை வந்தபோது டிரைவரைக் களத்துக்கு அழைத்து, அட்டையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏனப்பா, கெட்டதைச் செய்யறது நாயம். கெடாததுக்கு எதுக்குக் குடுக்கோணும்? நோவு வராத காளைக்குச் சூடு வெக்கறாப்பல இருக்குது."

"கெடாம இருக்கறதுக்குத்தானுங்க முதலாளி அது."

"அதுதான் கெடாம இருக்குதே. அது பாட்டுக்கு இருக்கறதுக்கு நாம எதுக்குச் செலவு பண்ணோணும்?"

அப்பா ஒவ்வொரு வரியாகத் தீர்ப்பு வழங்கத் தொடங்கினார். கிரீஸ் போடுவதற்கு உடனே சம்மதித்தார். மாட்டுவண்டி அச்சுக்கு மை போட்டு வளர்ந்தவருக்கு அது விளங்கியது. பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கும் தடை இல்லை. தாகம் எல்லார்க்கும் பொது. கடைசியில் மூன்று வரிகள் மிஞ்சின. எஞ்சினிலிருந்து ஓடின ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுவது. சக்கரங்களைக் கழற்றிப் பேரிங்குகளைக் கழுவுவது. பிரேக்குக்குப் புதிய லைனிங் போடுவது. இந்த மூன்றையும் கண்ணால் பார்க்கவும் முடியவில்லை, மாட்டுவண்டியில் இவற்றுக்கு இணை சொல்லவும் முடியவில்லை.

"அம்மன்கிட்டயே பூக் கேட்டுப்போடலாம்," என்றார் அப்பா.

எங்கள் பக்கத்தில் கலியாணம், கிணறு, நிலம் எதுவானாலும் ஐயம் வந்தால் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு பூவரச இலையிலும் செவ்வரளியை இன்னோர் இலையிலும் வைத்து, ஒன்றுபோல் மடித்து வாழைநாரால் கட்டி, அம்மன் திருமுன் வைப்பார்கள். குளித்துவிட்டு வந்த ஒரு குழந்தை அவற்றில் ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். எங்கள் குடும்பத்தில் பூ மடிப்பவள் அத்தை. அடுத்த வீட்டில் வாழ்ந்த, அப்பாவின் தங்கை. அம்மனுக்கு அஞ்சியவர்கள் ஊரில் பலர் இருந்தார்கள்; அத்தையைப்போல் அஞ்சியவர் எவரும் இல்லை. குளிக்காமல் அவள் அம்மன் பெயரைக்கூடச் சொல்லமாட்டாள். எடுக்கிற குழந்தையாக இம்முறை நான் நியமிக்கப்பட்டேன்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். ஊருக்கு வெளியே சாலை ஒரு கரட்டின்மேல் ஏறி இறங்கும். அந்த இறக்கம் வந்தால் டிரைவர் இருக்கையிலிருந்து எழுந்து, பிரேக் மிதியின்மேல் முழு உடம்போடு நிற்பார். இடக்கையால் கைபிரேக்கையும் இழுப்பார். அப்படியும் பஸ் தன் விருப்பம்போல் கொஞ்ச தூரம் போய்த்தான் அடங்கும். எனக்கு அது ஊஞ்சலாக இருந்தது. இறக்கத்தின் அடியில்தான் ஊர்ப் பெண்கள் தண்ணீருக்குச் சாலையைக் கடப்பார்கள்.

பூக் கேட்பதற்கு முதல் நாள் பிற்பகல், களத்தில் நின்ற பஸ்ஸின் ஸ்டியரிங் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு நான் சேலத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அத்தை டிரைவருக்கு மோர் கொண்டுவந்தாள்.

"ஏனுங்க, அந்த மூணுல எதை உட்டாலும் பரவால்ல, எதை உடக் கூடாதுங்க?"

டிரைவர் மோரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார். "ஆயில் கெட்டா எஞ்சின் நின்னுபோகுமுங்க. பேரிங் கெட்டா சக்கரம் நின்னுபோகும். பிரேக் கெட்டா வண்டி நிக்காதுங்க அம்மா."

"அம்மன் என்ன சொல்லுதோ."

"சொல்லட்டுங்க. நானும் எங்க மாதாகிட்ட ஒரு மெழுகுத்திரி வெச்சுட்டுத்தான் வந்திருக்கறேன்."

அத்தை காலியான செம்பை வாங்கிக்கொண்டு, அதற்குள்ளேயே பார்த்தபடி வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் விடியலில் ஈரத்தலையோடு நான் சந்நிதியில் நின்றேன். டிரைவர் வெளியே வேம்படியில் நின்றார். முதலில் ஆயிலுக்கு எடுத்தேன்; செவ்வரளி. அப்பா வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பேரிங்குக்கு எடுத்தேன், அதுவும் செவ்வரளி. அம்மனும் ஒரு விவசாயிதான் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். மூன்றாவதாகப் பிரேக்குக்கு எடுத்தேன். இலைக்குள் நந்தியாவட்டை, பாலில் கழுவியதுபோல் வெளுத்துக் கிடந்தது.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவளே கேக்கறா. செஞ்சுபோடலாம்," என்றார்.

மிஞ்சிய பொட்டலங்களை அத்தை எடுக்க வந்தாள். அதற்குள் பூசாரி அவளைத் தீர்த்தத்துக்கு அழைக்க, அவை என் கைக்கு வந்துவிட்டன. கிணற்றடிக்கு ஓடினேன். பிரிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் பிரித்தேன் என்றும் சொல்லலாம். மேலாக இருந்தது, மூன்றாவது ஜோடியில் மிஞ்சிய பொட்டலம். அதற்குள்ளும் நந்தியாவட்டை.

எனக்கு மெய் சிலிர்த்தது. நான் எடுத்தது வெள்ளையாக இருக்க வேண்டும் என்று அம்மன் எவ்வளவு விரும்பியிருந்தால், எடுக்காத சிவப்பையும் வெளுப்பாக்கியிருப்பாள்! பொட்டலங்களைக் கிணற்றில் போட்டுவிட்டு அத்தையிடம் மட்டும் காதோடு சொன்னேன். என் தோளைப் பிடித்திருந்த அவள் கை இறுகியது.

"ஆருகிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்லீங்க அத்தை."

"சொல்லாதே சாமி. அவ காட்டினதை வெளிய சொல்லக் கூடாது." வீட்டுக்கு அழைத்துப் போய் ஒரு பெரிய வெல்லக்கட்டி கொடுத்தாள்.

புது லைனிங் போட்டு ஒரு மாதம் ஆகியிருக்கும். அம்மன் நோன்பு வந்தது. சேலத்திலிருந்து பூமாலைகளோடு பஸ் திரும்புகிறது. டிரைவரை அடுத்து நான், படியில் அப்பா. கரட்டு உச்சியைத் தாண்டியதும் கீழே சாலை மஞ்சளாக இருந்தது. தீர்த்தக்குடம் எடுத்த பெண்கள் எதிர்பார்த்த வேளைக்கு முன்பே புறப்பட்டுச் சாலையை நிறைத்து வந்துகொண்டிருந்தார்கள். மேளச் சத்தத்தில் அவர்களுக்கு ஹாரன் கேட்கவில்லை. முதல் வரிசையில் அம்மா, தலையில் குடம் இருந்ததால் நிமிர்ந்து பார்க்க முடியாமல், தன் பாதங்களையே பார்த்தபடி வந்தாள்.

டிரைவர் எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே காலை அழுத்தினார். பஸ் நின்றது. எங்கள் புழுதி போய் அவர்களுடைய ஈரப் பாதங்களில் படிந்தது, அவ்வளவுதான் இடைவெளி. அப்பா இறங்கி மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். ஊர்வலம் முழுவதும் கடந்துபோன பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.

அன்று மாலை ஊரே என் வலக்கையைப் பற்றிப் பேசியது. கிணறு வெட்ட, எருமை வாங்க, பெண் பார்க்க என்று பூ எடுக்க என்னை அழைத்துப் போனார்கள். நானும் தெய்வத்தின் கருவிக்கு உரிய அடக்கம் சிறிதும் இன்றிப் போய்வந்தேன்.

பின்பு ஒரு நாள், வடிக்கப்படாத ஆயில் கருங்குழம்பாகி, எஞ்சின் புகைந்து நின்றது. நான்கு காளைகள் பூட்டி அதைச் சேலத்துக்கு இழுத்துப் போனார்கள். மாமன்மார் கேலி செய்தபோது அப்பா, "அம்மன்தானே வேண்டான்னு சொன்னா?" என்று மட்டும் சொன்னார். எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்க்கலாமா என்று பூக் கேட்க நினைத்து அத்தையைக் கூப்பிட்டார்.

"எனக்குக் கை நடுங்குதுங்கண்ணா. இனிமேல் என்னால மடிக்க ஆகாதுங்க."

"பூ மடிக்கறதுக்கு என்ன பலம் வேணும், அம்முணி?"

எங்கள் குடும்பத்தில் அவளை விட்டால் மடிக்க வேறு கை இல்லை. அதன்பின் அப்பா அட்டையில் கண்டபடியே எல்லாம் செய்து வந்தார்; அட்டையைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியும் வைத்தார்.

இரண்டு இலைகளிலும் வெள்ளைப் பூவையே வைத்து மடித்த கையை நான் உணர்ந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. அதனால் என் அம்மன் எனக்குக் குறைந்துவிடவில்லை. அவள் அன்று தேர்ந்தெடுத்த கை என்னுடையது அன்று, அவ்வளவே. ஆனால் அந்தக் கைக்கு உரியவள் அப்படி எண்ணி ஆறுதல் கொள்ளவில்லை. பூக் கேட்ட அந்த நாளுக்குப் பிறகு அத்தை சந்நிதிக்குள் வரவே இல்லை. டிரைவர் நின்ற அதே வேம்படியில் நின்று கைகூப்புவாள்.

"முழங்கால் நோவுது சாமி, படி ஏற முடியல. குங்குமம் எடுத்துட்டு வா, போ," என்பாள். நான் உள்ளே ஓடி எடுத்துவந்து கொடுப்பேன். எங்கள் அம்மன் கோயிலுக்குப் படிகள் மூன்று.

அந்த வருஷம் வைகாசியில் குடும்பத்தோடு திருச்செங்கோட்டு மலை ஏறினோம். ஆயிரத்துக்கு மேல் படிகள். அத்தை பதிகம் பாடிக்கொண்டே எல்லாருக்கும் முன்னால் ஏறிப் போனாள். எனக்கு மூச்சு வாங்கியது. மேலே நின்று திரும்பிப் பார்த்து, "கால் நோவுதா சாமி? மெல்ல வா," என்றாள்.

நோவவில்லை என்றேன். அவள் காலைப் பற்றிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.