பச்சை வட்டத்துக்குள் நூறு

போன வாரம் திருவாரூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சாலையோரத்தில் யாரோ தார்ப்பாயை விலக்கி, நனைந்த நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புளித்த வாடை உள்ளே வந்ததும் கண்ணாடியை இழுத்து மூடினேன். பக்கத்திலிருந்தவர் என்னைப் பட்டணத்துக்காரன் என்று நினைத்திருப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும்.

அந்த வாடை அடித்தால் எனக்குத் தஞ்சாவூரில் முதன்முதலாக வேலை பார்த்த ஏசி அறைதான் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள். ஒரு தனியார் நெல் வியாபாரிக்கு இணையதளம் செய்து கொடுத்தோம். விவசாயிகள் அதில் டோக்கன் எடுத்தால்தான் களத்துக்கு லாரி வரும். பக்கம் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்று அளந்து மதிப்பெண் போடும் கருவி எங்களுக்கு நாற்பது போட்டது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வயல் படம் சட்டென்று தெரியட்டும், டோக்கன் பட்டன் கடைசியில் மெதுவாக வரட்டும் என்று மாற்றினேன். கருவி பச்சை வட்டத்துக்குள் நூறு காட்டியது! முதலாளி ஆபீஸுக்கே அசோகா அல்வா வாங்கிக் கொடுத்தார்.

கையில் நெய்ப்பிசுக்கு போவதற்குள் போன். திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து முருகையன் என்ற விவசாயி.

"தம்பி, வயக்காடு படம் வருது. பட்டனைக் காணுங்களே. நெல்லு களத்துல கெடக்கு, வானம் வேற கறுக்குது."

"இங்க ஒரு நொடியில வருதுண்ணே. உங்க போனை மாத்துங்க."

மூன்று நாள் கூப்பிட்டார். மூன்று நாளும் இதையேதான் சொன்னேன். டோக்கனுக்கு அவர் பெயரை நானே இங்கிருந்து பதிவு செய்திருக்கலாம், ஒரு நிமிட வேலை. செய்யவில்லை. நூறு வாங்கியவனிடம் குறை சொல்ல இவர் யார் என்றிருந்தது. அவ்வளவு திமிர்.

அப்புறம் மழை இரண்டு நாள் விடாமல் கொட்டியது. விட்டதும் முருகையன் ஆபீஸுக்கே வந்து நின்றார். அவருடைய கீறல் விழுந்த போனை எங்கள் வேகமான வைஃபையில் இணைத்துக் கொடுத்தேன். படம் வந்தது, பட்டனும் வந்தது. அழுத்தினார்.

"வந்துடுச்சு தம்பி!" டோக்கனை என் முகத்துக்கு நேரே காட்டிச் சிரித்தார்.

"நெல்லு பத்திரமா இருக்காண்ணே?"

சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி நெல்லை எடுத்து என் மேஜையில் வைத்தார். ஒவ்வொன்றிலும் நகநீளத்துக்கு வெள்ளை முளை. அறையே புளித்தது.

"அது போச்சு. கோளாறு போன்லயா, ஒங்ககிட்டயான்னு தெரிஞ்சுக்கதான் வந்தேன். போனு நல்லாத்தான் இருக்கு. வர்றேங்க."

அந்த ஆபீஸ் இன்று இல்லை, தளமும் இல்லை. முருகையன் குத்தகை நிலத்தை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டார் என்று அவர் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். அவருடைய பழைய எண் உபயோகத்தில் இல்லை. அந்த நூறை மட்டும் என் பயோடேட்டாவில் இன்னும் வைத்திருக்கிறேன். அதைக் காட்டித்தான் இப்போதைய வேலை கிடைத்தது.