போடிக்கு பி, ஃபேனுக்கு எஃப்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றது. வருஷம் கேட்டால் முழிப்பேன். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் கேட்டதால் எழுதுகிறேன்.

சுத்தமான மிஷின்

பெரியகுளத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர். சார் ஒருவர், நான் ஒருத்தி. அதற்கு முன் கேரளா பக்கம் வண்டன்மேட்டில் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வந்தேன். முழங்கால் மலை ஏற மறுத்ததும் இங்கே கூட்டிப் பெருக்க வந்தேன்.

ஜெராக்ஸும் டைப்பிங்கும் சாருக்குப் பிழைப்பு. மனசெல்லாம் லினக்ஸில். லினக்ஸ் சிடியில் வரும் ஒவ்வொரு சாப்ட்வேரையும் தனித்தனிப் பேக்கேஜாகக் கட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றையும் ஒருவர் சம்பளமில்லாமல் பராமரிப்பார். தமிழ் கீபோர்டு பேக்கேஜ் சாருடையது.

போகப்போக எனக்கும் அதில் ஒரு வேலை வந்தது. பழைய மிஷின் ஒன்றை முழுக்க அழித்து, சிடியிலிருந்து புதிதாக லினக்ஸ் ஏற்றி, சார் கட்டியதை மட்டும் போட்டு, தமிழ் எழுத்து அத்தனையும் அடித்துப் பார்க்க வேண்டும். ஒருநாள் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் வந்தன.

"சார், கட்டம் கட்டமா வருது."

"ஏங்கிட்ட நல்லா வருதே யக்கா."

"ஒங்க மிஷினு பழகுன மாடு சார். இது இன்னிக்கு வாங்குனது."

சார் தலையைச் சொறிந்தார். அவர் மிஷினில் எப்போதோ கையால் போட்ட ஃபான்ட் இருந்தது. அந்த ஃபான்ட்டும் வேண்டும் என்று பேக்கேஜில் குறிக்க மறந்துவிட்டார். அன்றைக்கே சரிசெய்தார். ஆனால் கோளாறுள்ளது ஏற்கெனவே லினக்ஸ் சிடி தயாரிக்கிறவர்களின் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. புதியதை ஏற்ற சாருக்கு உரிமை இல்லை. அவருக்காக ஏற்றிவந்த வெளிநாட்டுக்காரரின் மெயில் நின்றுபோயிருந்தது. சீக்கிரம் ஃப்ரீஸ் வரும், அதாவது அடுத்த சிடிக்கு இனி எதையும் வாங்காமல் கதவை அடைப்பார்கள். கோளாறோடு இருப்பதை வெளியே எடுத்துவிடுவார்கள். அடுத்த சிடியில் தமிழ் கீபோர்டு இருக்காது.

சொந்த உரிமைக்கு சார் எழுதிப்போட்டிருந்தார். பரீட்சையெல்லாம் முடிந்து ஒன்றுதான் பாக்கி. உரிமை உள்ள ஒருவர் சாரை நேரில் பார்க்க வேண்டும். போட்டோ போட்ட அட்டையைப் பார்த்து, சார் கம்ப்யூட்டரில் கையெழுத்துப் போடும் சாவிக்கு உரிய நீள நம்பரை அவர் கையால் வாங்கிப்போய் ஒப்பிட்டு, 'இவர்தான்' என்று ஒப்பம் வைக்க வேண்டும். எங்கள் பக்கம் அப்படி ஒருவர்கூட இல்லை.

"மாம்பழ சீசனுக்கு ஊரே வருது. இதுக்கு ஒருத்தன் வர மாட்டேங்குறான்" என்பார்.

பஸ் ஸ்டாண்டு போன்

அப்படி உரிமை உள்ள மலையாளத் தம்பி ஒருவர் மதுரையிலிருந்து குமுளி போகிறார், தேனியில் பஸ் கொஞ்சநேரம் நிற்கும் என்று மெயில் வந்தது. சார் இஸ்திரி போட்ட சட்டையோடு காலையிலேயே தேனிக்குப் போய்விட்டார். கடையில் நான் தனியாக இருந்தேன். போன் அடித்தது.

"யக்கா, பிரிண்டர்ல அந்த நீள நம்பரு தாள் கெடக்கா பாரு."

"கெடக்கு சார்."

"போச்சு! அத விட்டுட்டு ஃப்ளாப்பியத் தூக்கிட்டு வந்துட்டேன். அதுக்குள்ள ரகசியச் சாவி இருக்கு. நான் அத நீட்டவும் தம்பி பதறி, உள்ள வையிங்கன்னுட்டாக. தாள்ல உள்ளத அப்படியே வாசிக்கா. டிரைவர் ஏறிட்டாக."

நம்பர் வாசித்துவிடலாம். நடுநடுவே இங்கிலீஷ் எழுத்தும் இருந்தது. கீபோர்டில் பார்த்துப் பழகியதுதான், ஆனால் போனில் வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லை. அந்தப் பக்கம் ஒரே பஸ் இரைச்சல்.

"பியா, டியா?" சார் கத்தினார்.

நான் அதிர்ந்து பேசாதவள். பஸ்களின் ஊர்ப்பெயர்ப் பலகையில் இங்கிலீஷிலும் எழுதியிருக்குமே, அது நினைவுக்கு வந்தது.

"போடிக்குப் போற பி சார்."

அப்புறம் வழி கிடைத்தது. ஆண்டிபட்டி ஏ, கம்பம் சி (பலகையில் சி போட்டுத்தான் எழுதியிருக்கும்), தேவாரம் டி, எரசக்கநாயக்கனூர் ஈ. எஃப்புக்கு ஊர் இல்லை. மேலே பார்த்தேன்.

"ஃபேன் சார். தலைக்கு மேல சுத்துதுல்ல, அந்த எஃப்."

அந்தப் பக்கம் வேறொரு குரல், வாசிப்பது யார் என்று சாரிடம் மலையாளத்தில் கேட்டது: "இது ஆரா வாயிக்குந்நே?"

"எங்க டெஸ்டரு" என்றார் சார். என்னை அப்படி யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு அந்தக் குரலே போனுக்கு வந்தது. "சேச்சி, ஞான் ஒண்ணு திரிச்சு வாயிக்காம். தெற்றுண்டெங்கில் பறயணே." திருப்பி வாசிக்கிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள் என்கிறார். நம்பர், போடி, நம்பர், கம்பம், ஃபேன் என்று சிரித்துக்கொண்டே வாசித்து முடித்தார்.

"சரியாணு மோனே" என்றேன்.

"அய்யோ, சேச்சிக்கு மலையாளம் அறியாமோ!"

ஹாரன் கேட்டது. போன் கட்டாகிவிட்டது.

ஒப்பம் வந்தது, பின்னாலேயே உரிமையும் வந்தது. கதவை அடைக்குமுன் சார் தன் கையாலேயே ஏற்றினார். "ஏறிருச்சு யக்கா" என்று சொல்லிவிட்டு, யாரிடம் சொல்வதென்று தெரியாமல், ஜெராக்ஸுக்கு வந்து நின்ற ஆளிடமும் சொன்னார். அந்த ஆள், "அப்ப ஜெராக்ஸ் எடுப்பீகளா, மாட்டீகளா?" என்றார்.

அந்தச் சந்தோஷத்தைப் பங்குபோட பெரியகுளத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். சில வருஷத்தில் சார் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். கடையை மூடினார்கள். பேக்கேஜை எங்கேயோ யாரோ எடுத்துப் பார்ப்பதாகக் கேள்வி. என்ன வேலை பார்த்தாய் என்று தெருவில் கேட்டால், "கடையில" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் கற்றது இதுதான். உங்கள் மிஷினில் ஓடுவதை நம்பாதீர்கள். சுத்தமான மிஷினில் போட்டுப் பாருங்கள். பக்கத்து ஊரில் ஒருவர் தனியாக இந்த வேலை பார்க்கிறார் என்று தெரிந்தால், பஸ் நிற்கிற நேரத்திலாவது இறங்கி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

சாவி, ஒப்பம் இதையெல்லாம் நான் சொன்ன முறை சரியா என்று விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்த வேண்டும். அந்த மலையாளத் தம்பி கண்ணில் இது பட்டால் அவரே திருத்தட்டும். நான் அவர் முகம் பார்த்ததில்லை. போடி, கம்பம், ஃபேன் என்று சொன்னால் அவருக்கு என்னைத் தெரியும்.