கூலிக்கு ஆடியவள்

குரங்கணிக்கு மேலே, தோட்டத்து முதலாளிகள் கூடும் கிளப்பில் பாண்டியம்மாளுக்கு டென்னிஸ் ஆடுவதுதான் வேலை. சொன்னால் யார் நம்புவார்கள்? ஏலக்காய் பறிக்கப் போனவள் அவள். கிளப்பில் துணைக்கு ஆடிக்கொடுக்கும் மார்க்கர் காய்ச்சலில் ஊருக்குப் போய்விட, அவசரத்துக்கு ஒரு துரைச்சாணி இவள் கையில் மட்டையைக் கொடுத்தார். அப்புறம் இவளே மார்க்கர் ஆகிவிட்டாள். கண்டாங்கியை வரிந்து கட்டி வெறுங்காலோடு அவள் ஓடுவதைப் பார்க்கக் கண் இரண்டு போதாது.

ஆனால் மார்க்கர் ஜெயிக்கக் கூடாது. எதிரே நிற்கும் முதலாளியம்மாவுக்கு எட்டுகிற மாதிரி பந்தைக் கொடுக்கத்தான் கூலி. ஒரே ஒருமுறை, யாரும் தொட முடியாதபடி அடித்துப் பார்க்க வேண்டும் என்று அவள் மனசு கிடந்து தவித்தது.

ஐம்பத்தாறாம் வருஷம் மதுரையில் பெண்களுக்கு டென்னிஸ் பந்தயம் வைத்தார்கள். துரைச்சாணியே போகச் சொன்னார். புருஷன் வீரணன் மலைக்குக் கழுதையில் மூட்டை ஏற்றுகிறவன். சோலியைப் போட்டுவிட்டுப் புதுத்துண்டோடு பஸ்சில் கூடவே வந்தான்.

பேர் பதிகிறவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இந்தம்மாவுக்கு ஆடத் தெரியுமா?”

வீரணனுக்குச் சுருக்கென்றது. “என்ன சார் அப்படிக் கேட்டுப்புட்டீக? இவ சும்மா பொழுதுபோக்குக்கு ஆடுறவ இல்ல. கிளப்புல கூலி குடுத்துல்ல ஆடச் சொல்றாக.”

வேலை தெரியாதவளுக்கு யார் கூலி கொடுப்பார்கள்? அவனுக்குத் தெரிந்த நியாயம் அது. அவரோ பேனாவை மூடிவிட்டார். ஆட்டத்துக்குக் காசு வாங்கியவர்கள் இந்தப் பந்தயத்தில் சேர முடியாது என்றார். பாவி மனுஷன், பெருமைப்பட்டே காரியத்தைக் கெடுத்தான்.

திரும்பும்போது பஸ்சில் அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தேனி தாண்டியதும் துண்டால் கண்ணைத் துடைத்தான். அதைப் பார்த்ததும் அவளுக்கு இருந்த கோபமெல்லாம் கரைந்துபோனது.

“நீங்க என்ன பொய்யா சொன்னீக? விடுங்க,” என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, ஆளில்லாத கிளப் கோர்ட்டில் வீரணன் எதிர்ப்பக்கம் போய் நின்றான். மட்டையை எப்படிப் பிடிப்பதென்றே அவனுக்குத் தெரியாது.

“அடி, பாண்டி.”

பழக்கம் விடுமா? பந்து பதமாக அவன் கைக்கே வந்தது.

“இங்க யாரும் கூலி குடுக்கல. என்னால எடுக்க முடியாத மாதிரி அடி.”

பாண்டியம்மாள் அடித்தாள். பந்து போன திசைகூட அவனுக்குத் தெரியவில்லை.

“இன்னொன்னு அடி,” என்றான்.

அழுகையும் சிரிப்புமாக அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். வெயில் ஏறும்வரை வீரணனால் ஒரு பந்தைக்கூடத் தொட முடியவில்லை.